எந்த அம்மாள்?

வெள்ளவத்தை
18.01.2024

தங்கச்சி சிவசக்திக்கு அக்கா ஜெயந்தினி எழுதுவது. இங்கே எனக்கும் உன் மச்சானுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு வாந்தி நின்றதா? உன் வீட்டுக்காரர் ஜீவன் சுகமா? அப்பா வெறும் வயிற்றில் வெற்றிலை போடுவதை விட்டாரா?

நான் போனை எடுப்பதில்லை என்று அப்பாவிடம் மூக்கைச் சிந்தினாயாம். எடுக்கமாட்டேன்தான். எடுத்தால் என்ன கேட்கிறது? நீ "அக்கா" என்பாய், பின்னால் அவள் கெக்கெக்கே என்று சிரிப்பாள். யாருடி அது என்றால், "ஷிஹானாதான்க்கா, சும்மா வந்தா" என்பாய். தினம் தினம் சும்மா வருகிற ஒருத்தியை நான் இந்த உலகத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். என்னோடு பேச வேண்டுமென்றால் இனி எழுது. எழுதுகிற நேரத்திலாவது என்னை மட்டும் நினைப்பாய்.

நீ முழுகாமல் இருக்கிற செய்தி பெரகல சந்தியில் தையல் மெஷின் மிதிக்கிறவளுக்குத் தெரிகிறது. கூடப் பிறந்தவளுக்குத் தெரியவில்லை. அப்பா வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நல்லா இருக்குடி உன் நியாயம்.

சந்தோஷம்தான். கோபமாக எழுதுகிறேன், ஆனாலும் சந்தோஷம்தான். கடைக்குப் போகிற வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே. கொழுந்துக் கூடையைத் தொடவே தொடாதே.

பதில் எழுதும்போது அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதாதே.

உன்னைத் தூக்கி வளர்த்த
ஜெயந்தினி


மேல் டிவிஷன், பெரகல
02.02.2024

என் ஆசை அக்காவுக்கு சிவசக்தியின் வணக்கம். மச்சானுக்கு முழங்கால் வலி எப்படி? எனக்கு வாந்தி குறைந்து இப்போது பசி பிடித்து ஆட்டுகிறது. அப்பா வெற்றிலையை விடவில்லை, நீ கேட்டாய் என்று சொன்னதும் இன்னொன்று மடித்துப் போட்டுக்கொண்டார்.

தனியாகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், சத்தியம். ஜீவன் மரக்கறி லொறியோடு தம்புள்ளைக்குப் போய்விட்டார்.

ஷிஹானாவிடம் நான் போய்ச் சொல்லவில்லை அக்கா. சட்டைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள், நான் அவள் துணி மேலேயே வாந்தி எடுத்தேன். அவளாகவே கண்டுபிடித்தாள். "மூணு மாசம் முடியுற வரைக்கும் ஒத்தருக்கும் சொல்ல வாணாம்" என்று எச்சரித்ததும் அவள்தான். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

நீ அவளை ஒரு தரம் பார்த்தால் இப்படி எழுதமாட்டாய். புருஷன் றுஷ்தி கத்தாரில். உம்மா இல்லை, வாப்பா இல்லை. ஜௌபர் நானாவின் கடைக்கு மேல் ஓர் அறை, ஒரு மெஷின், நாலு வயதுப் பிள்ளை இஸ்ரா. அவ்வளவுதான் அவள் குடும்பம். எனக்கு நீ இருக்கிறாய். அவளுக்கு யார் இருக்கிறார்கள் சொல்லு?

போனை எடு அக்கா. எழுதி எழுதி விரல் வலிக்கிறது.

ஷிஹானா உனக்கு சலாம் சொல்லச் சொன்னாள்.

உன் தங்கச்சி
சிவா


வெள்ளவத்தை
11.02.2024

தங்கச்சிக்கு, சுகம் கேட்டு எழுதும் அக்கா. மச்சானின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. சீலைக்கடையில் நாளெல்லாம் நின்று எனக்குக் கால் கடுக்கிறது. உன் கால் வீங்குகிறதா?

சலாமாம் சலாம்! அவளை யார் என் கடிதத்துக்குள் வரச் சொன்னது?

உனக்கு நான் இருக்கிறேனாம். சரி. எனக்கு யார் இருந்தார்கள்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஐப்பசி மழையில் என் பிள்ளை நாலாம் மாதம் கலைந்துபோய் ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் தங்கச்சி வருகிறாள், சித்தி வருகிறாள், சூப் வருகிறது. எனக்கு உன் போன் வந்தது. மண் சரியும் என்று லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், ஷிஹானா வீட்டில் இருக்கிறோம், ரோட்டு உடைந்துவிட்டது, வர வழியில்லை என்றாய். மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு மலை முனகினாலே ஓடத்தான் வேண்டும், எனக்குத் தெரியாதா? ஆனால் சிவா, அந்தப் போனிலும் பின்னால் அவள் சத்தம் கேட்டது. நான் இரத்தத்தில் கிடக்கிறேன், நீங்கள் அங்கே கூத்தடிக்கிறீர்கள் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அம்மா செத்த அடுத்த வருஷம் நமக்கு அம்மாள் வந்ததே, ஒரே பாயில் கிடந்தோமே, உனக்கு நினைவிருக்காது, அஞ்சு வயது. சொறியக் கூடாது என்று உன் இரண்டு கையையும் சீத்தைத் துணியால் கட்டிவிட்டு வேப்பிலையால் விசிறியவள் நான். எனக்கும்தான் உடம்பெல்லாம் எரிந்தது. எனக்கு யார் விசிறினார்கள்?

இதற்குப் பதில் எழுத வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெயந்தினி


மேல் டிவிஷன், பெரகல
05.03.2024

அக்கா, நீ சுகமா, மச்சான் சுகமா. கொழும்புக்குப் போகிற மரக்கறி லொறியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், தபாலில் போட்டால் பிந்திவிடும். நேற்றிலிருந்து போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. உன் பிடிவாதத்துக்கு இது நேரமில்லை.

ஷிஹானாவுக்கு ஞாயிற்றுக்கிழமை உடம்பெல்லாம் கொப்புளம் போட்டுவிட்டது. நம் ஆட்கள் அம்மாள் என்கிறார்கள், அவள் கொப்புளிப்பான் என்கிறாள். பெரிய ஆட்களுக்கு வந்தால் கடுமையாம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, வீட்டில் தனியாக இருக்கச் சொல்லிவிட்டார்கள். இஸ்ராவை பண்டாரவளைக்கு, தூரத்துச் சொந்தமான றஷீனா மாமி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அந்த வீட்டில் பச்சைக் குழந்தை, அதனால் மாமி வர முடியாது. ஜௌபர் நானா இந்த நோயைக் கண்டதில்லை, அவரும் ஏறப் பயப்படுகிறார். அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க ஆளில்லை அக்கா.

போட்டதற்கு முந்தின நாள் முழுக்க நான் அவள் அறையில்தான் இருந்தேன். அதைச் சொன்னதும் மிட்வைஃப் மிஸ் என்னை உட்கார வைத்துக் கேட்டார்: "உங்களுக்கு முன்னாடி கொப்புளிப்பான் வந்திருக்கா?" அம்மாள் வந்திருக்கிறது மிஸ் என்றேன். "எந்த அம்மாள்? தண்ணி வச்ச கொப்புளமா, பொரிப்பொரியா வர்ற சின்னமுத்தா? ரெண்டையும் நீங்க அம்மாள்னுதானே சொல்றீங்க" என்றார். எது என்று எனக்குத் தெரியவில்லை.

கொப்புளம் வந்திருந்தால் பயமில்லையாம், மறுபடி ஒட்டுவது அபூர்வமாம். சின்னமுத்து மட்டும் வந்திருந்தால் அதனால் இதற்குப் பிரயோசனம் இல்லையாம். இந்த மாதத்தில் எனக்குத் தொற்றினால் பிள்ளையின் கண், கை, கால் எதையும் பாதிக்கலாமாம், எனக்கும் நெஞ்சில் சளி கட்டலாமாம். இரத்தம் எடுத்துப் பதுளைக்கு அனுப்பியிருக்கிறார். அது வரும்வரை படியேறாதே என்கிறார்.

அப்பாவைக் கேட்டேன். "அம்மாள்தான் வந்துச்சு. அதுல வகை கேக்குறது தப்பு, ஆத்தா கோவிச்சுக்குவா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை. உனக்கு அப்போது பதினொரு வயது. என் கையைக் கட்டியவள் நீ. தண்ணீர்க் கொப்புளமா, மணல் மாதிரிப் பொரியா? ஒரே ஒரு வரி எழுது அக்கா. மிஸ்ஸிடம் அதைக் காட்டிவிட்டு அவளிடம் போகிறேன்.

சிவா


வெள்ளவத்தை
08.03.2024

தங்கச்சிக்கு, சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எந்த அம்மாள் என்றெல்லாம் எனக்கு நினைவில்லை. இருபது வருஷம் ஆகப்போகிறது. பொரிப்பொரியாகத்தான் இருந்தது போல ஒரு நினைப்பு. சின்னமுத்தாகத்தான் இருக்கும். அதனால் நீ போகாதே.

வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரான் வீட்டுப் படியேற ஆசைப்படுகிறாயே, உனக்குப் பைத்தியமா? என் பிள்ளை நாலாம் மாதத்தில்தான் போனது. உனக்கும் இது நாலாம் மாதம். அவளுக்கு ஜமாஅத் இல்லையா, பள்ளிவாசல் இல்லையா, சொந்தம் இல்லையா? நீதான் கிடைத்தாயா?

எனக்காக நீ ஒரு ரோட்டைத் தாண்டி வரவில்லை. அவளுக்காகப் பிள்ளையையே பணயம் வைக்கிறாய். சும்மா சொல்லக் கூடாது, நல்ல சிநேகிதம்தான்.

வெந்நீரில் குளி. நேரத்துக்குச் சாப்பிடு.

ஜெயந்தினி


மேல் டிவிஷன், பெரகல
09.03.2024

அக்கா, நலமா. காலையில் பஸ்ஸில் வந்த உன் கடிதத்தைப் படித்தேன்.

சரி, சின்னமுத்து. அப்படியென்றால் எனக்குக் காவல் ஒன்றும் இல்லை. முந்தின சனிக்கிழமை அவள் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு அவள் ஊற்றிய பிளேன்டீயைக் குடித்தேன். அதிலேயே ஒட்டியிருக்குமோ? காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று கழுத்து, முதுகு, வயிறு எல்லாம் பார்க்கிறேன். கொசு கடித்த தடிப்பைக்கூட நாலு தரம் தொட்டுப் பார்க்கிறேன். ஜீவனிடம் சொன்னால் லொறியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார், அதனால் சொல்லவில்லை.

படியேறவில்லை, கவலைப்படாதே. கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்ப் பாதிப் படியில் வைத்துவிட்டு, கீழே இறங்கி நின்று கூப்பிடுகிறேன். முதல் இரண்டு நாளும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எடுத்தாள். நேற்று கூப்பிட்டால், "வெச்சிட்டுப் போங்க சிவா, எடுக்கிறன்" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. இன்று போனால் நேற்றைய கஞ்சி அப்படியே இருக்கிறது. எறும்பு மொய்த்துக் கிடக்கிறது. கூப்பிட்டேன், இருமல் மட்டும் கேட்டது.

அந்தப் படியில் ஒரு காலைத் தூக்கி வைத்தேன் அக்கா. பிறகு எடுத்துவிட்டேன். இந்தப் பிள்ளைக்காக எடுத்தேன். அவள் இருமுவதைக் கேட்டுக்கொண்டே திரும்பி நடந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக நான் எங்கும் நடந்ததில்லை.

நீ எழுதியது சரிதான். உனக்காகவும் நான் வரவில்லை, அவளுக்காகவும் ஏறவில்லை. யாருக்கும் உதவாதவளாகத்தான் என்னை வளர்த்திருக்கிறாய் போல.

சிவா


ஜௌபர் கடை மேல்வீடு, பெரகல
12.03.2024

தங்கச்சிக்கு, உனக்கும் வயிற்றில் இருக்கிறதற்கும் சுகம் கேட்டு எழுதுகிறேன். மேலே எழுதியிருக்கிற இடத்தைப் பார்த்து மயக்கம் போட்டு விழாதே. நேற்று விடியக்காலை பஸ் ஏறி வந்துவிட்டேன். கடையில் லீவு கேட்டேன், முகத்தைச் சுளித்தார்கள், சுளிக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

உனக்காகத்தான் வந்தேன், அவளுக்காக இல்லை. அதைத் தெளிவாகத் தெரிந்துகொள். நான் வராவிட்டால் நீ என்றைக்காவது ஒருநாள் ஏறியிருப்பாய்.

வந்ததும் அவளை த்ரீவீலில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நெஞ்சில் சளி இருக்கிறது, நல்ல வேளை வந்தீர்கள் என்று வேறு மாத்திரை கொடுத்தார்கள். இப்போது கஞ்சி குடிக்கிறாள். தலைப்பிறை பார்த்து இன்றைக்கு நோன்பின் முதல் நாளாம், பிடிக்க முடியவில்லையே என்று அழுகிறாள். உடம்புக்கு முடியாதவர்களுக்கு விலக்கு இருக்கிறது என்று அவளே சொல்கிறாள், பிறகு அவளே அழுகிறாள். என்ன ஜென்மமோ! வாசலில் வேப்பிலை செருகினேன். "என்ட ஊட்டுக்குள்ள ஒங்கட அம்மாளா?" என்று அந்தக் காய்ச்சலிலும் சிரிக்கிறாள். பிறகு அந்த இலையாலேயே விசிறச் சொல்லிக் கேட்கிறாள்.

என்னைத் தாத்தா தாத்தா என்கிறாள். கிழவன் என்கிறாளோ என்று எரிச்சலாக வந்தது. அவர்கள் பேச்சில் அக்காவைத்தான் அப்படிச் சொல்வார்களாம்.

எனக்குப் பயமில்லை. சின்ன வயதிலேயே வந்து போனதுதானே, இனி ஒட்டாது. நீ இந்தப் பக்கம் வராதே. ஜௌபர் நானா கையில் கடிதம் கொடுத்தனுப்பு, அது போதும்.

ஜெயந்தினி


மேல் டிவிஷன், பெரகல
12.03.2024, பின்னேரம்

அக்கா, சுகமெல்லாம் பிறகு கேட்கிறேன்.

உனக்கு வந்து போனது, இனி ஒட்டாது என்று எழுதியிருக்கிறாய். உனக்கு எப்போது வந்தது? ஒரே பாயில் இரண்டு பேரும் கிடந்தோம் என்று எழுதியவளும் நீதானே? அந்தப் பாயில் உன் பக்கம் கொப்புளிப்பான், என் பக்கம் மட்டும் சின்னமுத்தா?

உனக்கு நினைவிருந்தது. தெரிந்துகொண்டே எழுதினாய்.

படியில் வைத்த கஞ்சியை எடுக்கக்கூட முடியாமல் அவள் கிடந்தாள். அதையாவது விடு, உனக்கு அவளைப் பிடிக்காது. நான் உன் தங்கச்சி. எனக்கு ஒட்டியிருக்குமோ, பிள்ளைக்குக் கண் போகுமோ என்று ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன்னால் செத்துப் பிழைத்தேன். உன் ஒரு வரியில் அது நின்றிருக்கும். உனக்கு எப்படி அக்கா மனசு வந்தது?

இப்போது நீ "கொப்புளம்தான், ஏறி வா" என்று எழுதினாலும் நான் ஏறமாட்டேன். உன் வாயை நம்பி இந்த வயிற்றோடு ஒரு படி கூட வைக்கமாட்டேன். ரிப்போர்ட் நாளைக்கு வருமாம். வரட்டும்.

சிவசக்தி


ஜௌபர் கடை மேல்வீடு
13.03.2024, காலை

சிவா, நீ சுகமா என்று கேட்கக்கூட எனக்கு முகமில்லை.

தண்ணீர் வைத்த கொப்புளம். உன் தலைக்குள்ளே கூட இருந்தது, சீப்பு வைக்க முடியாமல் ஒரு மாதம் கையாலேயே சிக்கெடுத்தேன். மறப்பேனா?

"வந்தது, பயமில்லை" என்று முதலில் எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தேன். இதைப் படித்ததும் ஓடிப்போய் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள் என்று தோன்றியது. அந்தக் காட்சி எனக்குப் பொறுக்கவில்லை. கிழித்துப் போட்டேன். பொறாமைதான், வேறு பெயர் சொல்லத் தெரியவில்லை. நீ அவள் போர்வைக்குள் இருந்ததையோ, கண்ணாடி முன்னால் நிற்பாய் என்பதையோ நான் நினைத்தே பார்க்கவில்லை. அதை எழுதிய உன் கடிதம் வந்த பிறகு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

இன்னொன்று. நேற்று அவளுக்கு நெற்றியில் துணி போடும்போது, அந்த ஐப்பசி மழையில் கூத்தடித்தீர்களே என்று கேட்டே விட்டேன். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "கூத்தா? ஒங்கக்கிட்டப் போறன்டு சிவா ஒரு குடையை எடுத்துக்கிட்டு மண் எறங்குற ரோட்டுல நடக்கத் தொடங்கிட்டா தாத்தா. நான்தான் சட்டையைப் பிடிச்சு இழுத்தன். போன்ல நீங்க கேட்டது என்ட சத்தம்தான். போகாதீங்க, போகாதீங்கன்டு கத்தினன்" என்றாள். சட்டைக் கை கிழிந்ததையும், அதை அவளே தைத்துத் தந்ததையும் சொன்னாள். நீ ஏனடி இதை எனக்குச் சொல்லவேயில்லை?

அவள் இழுக்காவிட்டால் எனக்குத் தங்கச்சியே இருந்திருக்கமாட்டாள் என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதும் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. அதையும் அவளே செய்திருக்கிறாளே என்று.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய். என்னை நம்பாதே. அதுதான் சரி.

அக்கா


பெரகல சந்தி, ஜௌபர் நானாவின் கடை
13.03.2024, பின்னேரம்

அக்காவுக்கு,

ரிப்போர்ட் வந்தது. "பயப்படாதீங்க, உங்களுக்குக் கொப்புளிப்பான் முன்னமே வந்து போயிருக்கு. தடுப்பு ஊசியும் தேவையில்ல, படியும் ஏறலாம்" என்றார் மிஸ். அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை அக்கா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், உன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும்.

கோபம் இருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகும் இருக்கும். குடையை எடுத்துக்கொண்டு நடந்ததை நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். வந்து சேராத பயணத்தைச் சொல்லி என்ன, நீ அங்கே தனியாகத்தானே கிடந்தாய்.

ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே இங்கே வந்தேன். படிக்குக் கீழே நின்று கூப்பிட வாயெடுத்தேன். மேலே சிரிப்புச் சத்தம். அவள் கெக்கெக்கே என்கிறாள், கூடவே நீயும் சிரிக்கிறாய். நீ அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனை வருஷம்! "தாத்தா, இன்னொருக்கா சொல்லுங்க" என்கிறாள். நீயும் சொல்கிறாய். என்னைப் பற்றித்தான் ஏதோ, என் பெயர் காதில் விழுந்தது.

எனக்குச் சுருக்கென்றது அக்கா. என் அக்கா, என் சிநேகிதி, என்னை வெளியே விட்டுவிட்டு இரண்டு பேருக்கும் அப்படி என்ன சிரிப்பு? அவளுக்கு எப்படி நீ அக்காவாவாய்? போனில் பின்னால் அடுத்தவள் சிரித்தால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு உன்னைத் திட்ட இனி வாய் வருமா என்று தெரியவில்லை.

அதுதான் கூப்பிடாமல், நானாவிடம் ஒரு தாளும் பேனாவும் வாங்கி, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நானா நோன்புக் கஞ்சி வாளியை என் கையில் கொடுத்து, "நீங்கதான் ஏறலாமே மகள், கொண்டுபோய்க் குடுங்க" என்கிறார்.

கஞ்சியோடு இந்தக் கடிதத்தையும் நானே கொண்டு வருகிறேன். படித்து முடித்துவிட்டுப் பேசு. அதற்கு முன்னால், அந்தப் பாயில் நகர்ந்து உட்கார். நடுவில் எனக்கு இடம் வேண்டும்.

சிவா